மடியில் கனமில்லாதவர் ஏன் கையெழுத்துப் போட்டார்?

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. அவன் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒரு லேப்டாப் பையோடு காணாமல் போய்விட்டது. போலீஸ் எல்லாரையும் விசாரித்தார்கள். இவனை மட்டும் மறுபடி வரச் சொன்னார்கள். "நான் எதுவும் செய்யலையே, எனக்கென்ன பயம்" என்று சிரித்துக்கொண்டே தனியாகப் போனான். காலையில் போனவன் நள்ளிரவில்தான் திரும்பினான். தானே எடுத்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். மறுநாள் தூங்கி எழுந்ததும் "நான் எடுக்கவே இல்லை" என்று அழுகிறான். யாரும் அடிக்கவில்லை என்று அவனே சொல்கிறான். அடிக்காமலேயே, செய்யாத தப்பை ஒருத்தன் ஒப்புக்கொள்வானா? அந்தப் பை சாம்பல் நிறம், ஜிப் உடைந்தது என்பது வரைக்கும் எழுதியிருக்கிறான். எடுக்காதவனுக்கு அது எப்படித் தெரியும்? நேற்று என்னிடம், "ஒருவேளை ஞாபகமில்லாம நான்தான் எடுத்துட்டேனோ" என்று வேறு கேட்டான். அப்பா அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். எனக்கும் சந்தேகமாக இருக்கிறது. அவனிடம் எப்படிப் பேசுவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தம்பி எடுத்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. கடிதத்தைப் படித்துவிட்டு அதைச் சொல்லக்கூடிய உளவியலாளர் யாரும் கிடையாது, சொல்கிறவரை நம்பாதீர்கள். ஆனால் சந்தேகத்துக்குக் காரணமாக நீங்கள் எழுதியிருக்கும் எல்லாமே, அதாவது சிரித்துக்கொண்டு போனது, அடிபடாமலே ஒப்புக்கொண்டது, பையின் நிறம், "நான்தானோ" என்ற குழப்பம் எல்லாமே, எடுக்காத ஒருவருக்கும் அப்படியே நடக்கக்கூடியவை. அந்தத் தாளை வைத்து மட்டும் ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்தச் சிரிப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்று சொல்லித்தான் நாம் எல்லாரும் வளர்ந்திருக்கிறோம். விசாரணை அறையில் நிரபராதியை முதலில் மாட்டிவிடுவது அந்த நம்பிக்கைதான். தப்பு செய்தவர் உள்ளே போகும்போதே உஷாராக இருப்பார். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று கணக்குப் போட்டுக்கொண்டு போவார். செய்யாதவருக்குக் கணக்குப் போட எதுவும் இல்லை. "உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள்" என்பது மட்டும்தான் அவர் திட்டம். அதனால் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார், கேட்காததையும் சொல்வார். வக்கீல் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பார். வக்கீலைக் கூப்பிட்டால் தப்பு செய்தவன் மாதிரித் தெரியுமே என்ற நினைப்பு வேறு.

அமெரிக்க உளவியலாளர் சால் காசினும் ரெபெக்கா நார்விக்கும் 2004இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினரை ஓர் அறையில் இருந்த பணத்தைப் பாவனையாகத் திருடச் சொன்னார்கள். மற்றவர்கள் அதே அறைக்குச் சும்மா போய்விட்டு வந்தார்கள். பிறகு துப்பறிவாளர் போல ஒருவர் வந்து, பேசாமல் இருக்கவும் வக்கீல் வைத்துக்கொள்ளவும் உள்ள உரிமைகளை விட்டுக்கொடுத்துப் பேசத் தயாரா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். 'திருடியவர்களில்' 36 சதவீதம் பேர் சரி என்றார்கள். எதுவும் எடுக்காதவர்களில் 81 சதவீதம் பேர். ஏன் என்று கேட்டதற்குப் பலரும் சொன்ன காரணம் உங்கள் தம்பி சொன்னதேதான்: மறைக்க எதுவும் இல்லை.

உடம்பும் இதற்குத் துணை போகிறது. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 132 பேரிடம் ஒழுங்குமீறல் குற்றம் சாட்டி விசாரித்து, ஒப்புக்கொள்ளச் சொல்லி நெருக்கினார்கள். அந்த நேரம் முழுக்க ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு போன்றவற்றை அளந்தார்கள். தப்பு செய்யாதவர்களின் உடம்பு, செய்தவர்களின் உடம்பை விடக் குறைவாகத்தான் பதறியது. ஆபத்தில் இருக்கிறோம் என்பதே அவர்களுக்கு உறைக்கவில்லை. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் அடுத்த பகுதி. ஒப்புக்கொள்ள மறுத்து நின்ற நிரபராதிகளின் உடம்பில்தான், ஒப்புக்கொண்டவர்களைக் காட்டிலும், மன அழுத்தத்துக்கான நரம்பு மண்டலம் அதிகமாக முடுக்கிவிடப்பட்டிருந்தது. "இல்லை, நான் செய்யலை" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு உடம்பில் சக்தி வேண்டும், அது தீர்ந்துகொண்டே போகும். ஆய்வுக்கூடத்தில் சிறிது நேரத்துக்கே இப்படி. உங்கள் தம்பி காலையிலிருந்து நள்ளிரவு வரை இருந்திருக்கிறார்.

இந்த நேரக் கணக்கைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஸ்டீவன் டிரிசின், ரிச்சர்ட் லியோ என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பொய் என்று பிறகு நிரூபணமான 125 ஒப்புதல் வாக்குமூலங்களைத் தொகுத்து 2004இல் வெளியிட்டார்கள். எவ்வளவு நேரம் விசாரித்தார்கள் என்ற விவரம் கிடைத்த வழக்குகளில் சராசரி 16 மணி நேரத்துக்கும் மேல். சாதாரண விசாரணை பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இதில் தூக்கமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் வைத்தவர்களையும் நன்றாகத் தூங்கியவர்களையும் 2016இல் ஒப்பிட்டார்கள். செய்யாத ஒரு தவற்றைச் செய்ததாக எழுதிய தாளை நீட்டியதும், முதல் தடவையிலேயே கையெழுத்துப் போட்டவர்கள் தூங்கியவர்களில் 18 சதவீதம், தூங்காதவர்களில் 50 சதவீதம்.

அடுத்தது, "அடிக்காமலேயே ஒப்புக்கொள்வானா?" என்ற கேள்வி. அதற்கு முன் ஒரு வார்த்தை. அடிபட்டவர்களில் சிலர் வெட்கத்திலோ பயத்திலோ வீட்டில் அதைச் சொல்ல மாட்டார்கள். எனவே தம்பியை ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போய், தனியாகப் பேசவிடுங்கள். காயம் இருந்தால் அது பதிவாகட்டும். இல்லை என்றால், அவர் சொல்வதை அப்படியே நம்புங்கள். அடி இல்லாமலும் இது நடக்கும்.

அந்த அறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் நெருக்குதல் வரும். ஒரு பக்கம்: "எங்களுக்கு எல்லாம் தெரியும். கேமராவில் இருக்கு. கூட வேலை செய்றவங்களே சொல்லிட்டாங்க. நீ மறுத்தா பெரிய கேஸ் ஆயிடும், வாழ்க்கையே போச்சு." இன்னொரு பக்கம், பெரும்பாலும் வேறொரு அதிகாரி, தணிந்த குரலில்: "உன்னைப் பார்த்தா திருடன் மாதிரியா இருக்கு? ஏதோ அவசரத்துக்கு எடுத்திருப்ப. சின்ன வயசு. எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போ, நாங்க பார்த்துக்கிறோம்." இரண்டாவது பேச்சில் மிரட்டல் ஒரு சொட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். விட்டுவிடுவோம் என்று நேராகச் சொல்வதும் இல்லை. ஆனால் கேட்பவர் காதில் அப்படித்தான் விழும். மெலிசா ருசானோவும் குழுவினரும் 2005இல் செய்த ஆய்வில், சும்மா கேட்டபோது நிரபராதிகளில் 6 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். இந்த மாதிரி ஆறுதல் பேச்சு பேசியபோது 18 சதவீதம். அதோடு "ஒப்புக்கொண்டால் இத்தோடு முடித்துவிடலாம்" என்ற பேரமும் சேர்ந்தபோது 43 சதவீதம். என் அனுபவத்தில், மிரட்டியவரைப் பற்றி ஆட்கள் கோபமாகப் பேசுவார்கள். அந்த ஆறுதல் சொன்னவரைப் பற்றிக் கேட்டால் இன்னமும் "அவர் நல்லவர்" என்பார்கள். கையெழுத்து வாங்கியது அந்த நல்லவர்தான்.

இந்த நிலையில் ஒருவரின் மனக்கணக்கே மாறிவிடும். வழக்கு, வேலை, பெயர் எல்லாம் எப்போதோ வரப்போகிறவை. இந்த நாற்காலி, இந்தக் கேள்வி, அணையாத பசி, மூடிய கதவு, இவைதான் இப்போது இருப்பவை. "எழுதிக் கொடுத்துட்டு வெளியே போயிடலாம். நான் எடுக்கலைன்னு விசாரிச்சா தெரிஞ்சுடப் போகுது" என்று தோன்றும். தன் மேல் தப்பில்லை என்ற நிச்சயம் இங்கே மறுபடியும் காலை வாருகிறது. ஜெனிஃபர் பெரில்லோவும் காசினும் 2011இல் இதைத்தான் கண்டார்கள். "ஆதாரம் இருக்கிறது, சோதிக்கப்போகிறோம்" என்று சும்மா சொன்னாலே நிரபராதிகள் கையெழுத்துப் போடுவது கூடியது. அந்த ஆதாரம் வந்தால் நம்மைக் காப்பாற்றிவிடும், அதுவரைக்கும் இந்தத் தொல்லை ஓயட்டும் என்பது அவர்கள் நினைப்பு. குற்றவாளிக்குப் பயத்தைக் கொடுக்க வேண்டிய பொய், நிரபராதிக்கு நம்பிக்கையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுகிறது.

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் பூங்காவில் 1989இல் ஒரு பெண் தாக்கப்பட்டு வன்புணர்வுக்கு ஆளான வழக்கில் 14 முதல் 16 வயது வரையுள்ள ஐந்து பையன்கள் மாட்டினார்கள். விடியவிடிய விசாரணை. நான்கு பேர் வீடியோவில் ஒப்புக்கொண்டார்கள். சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தோம் என்றுதான் பிறகு சொன்னார்கள். வீட்டுக்குப் போகவில்லை, சிறைக்குப் போனார்கள். 2002இல் வேறொருவர் அது தன் வேலை என்று ஒப்புக்கொண்டார், டிஎன்ஏவும் அவருடையதாக இருந்தது. ஐவரின் தண்டனையும் ரத்தானது. வழக்கு நடந்தபோதே அந்த டிஎன்ஏ ஐவரில் யாருக்கும் பொருந்தவில்லை. கையிலிருந்த அறிவியல் ஆதாரத்தை விட ஒப்புதல் வாக்குமூலம்தான் ஜூரிக்குப் பெரிதாகத் தெரிந்தது. உங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் தெரிகிறது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

இனி அந்தச் சாம்பல் நிறப் பை. உங்கள் சந்தேகங்களில் வலுவானது இதுதான், நீதிமன்றத்திலும் இதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். "குற்றவாளிக்கு மட்டுமே தெரிந்த விவரம்" என்பார்கள். அப்படியா? அந்த விவரம் இன்னும் ஒருவருக்குத் தெரியும், விசாரித்த அதிகாரிக்கு. புகார் கொடுத்தவர் பையின் அடையாளம் சொல்லாமலா இருந்திருப்பார்? "அந்த சாம்பல் கலர் பையை எங்கே வெச்சே?" என்று பத்துத் தடவை கேட்டால் பதினோராவது தடவை பதிலில் அது வந்துவிடும். "ஜிப் எப்படி இருந்தது? நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாலே அது நன்றாக இல்லை என்று புரிந்துவிடும். அதிகாரி வேண்டுமென்றே செய்ய வேண்டியதில்லை. தான் ஊட்டுகிறோம் என்று அவருக்கே தெரியாமல் போகலாம். டிஎன்ஏ மூலம் நிரபராதி என்று நிரூபணமானவர்களின் வாக்குமூலங்களைச் சட்டப் பேராசிரியர் பிராண்டன் காரெட் ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றில் இப்படி வெளியாருக்குத் தெரியாத நுட்பமான விவரங்கள் இருந்தன. அவர்கள் யாரும் சம்பவ இடத்தில் இருந்தவர்கள் இல்லை. அலுவலகத்தில் கூட வேலை பார்த்தவர் அந்தப் பையைத் தினமும் பார்த்திருப்பார் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அதை விட்டுவிட்டு வேறொன்றைப் பாருங்கள். அதிகாரிக்கு அதுவரை தெரியாத ஏதாவது ஒன்று, பிறகு சரிபார்த்து உண்மை என்று தெரிந்த ஒன்று, அந்த வாக்குமூலத்தில் இருக்கிறதா? லேப்டாப் எங்கே இருக்கிறது என்று எழுதியிருக்கிறாரா? அங்கே அது கிடைத்ததா? இதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. கிடைத்திருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

"ஒருவேளை நான்தான் எடுத்துட்டேனோ" என்று கேட்டாராம். இது உங்களை மிகவும் பயமுறுத்தியிருக்கும்.

காசினும் கேதரின் கீசலும் 1996இல் செய்த ஒரு சோதனை இந்தத் துறையில் இருக்கும் எல்லாருக்கும் மனப்பாடம். மாணவர் ஒருவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, இன்னொருவர் வாசிக்கும் எழுத்துகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். "ஆல்ட் விசையை மட்டும் தொட்டுவிடாதே, புரோகிராம் கெட்டுவிடும்" என்று முன்பே எச்சரிக்கை. ஒரு நிமிடத்தில் கம்ப்யூட்டர் தானாக நின்றுவிடும், அப்படித்தான் ஏற்பாடு. சோதனை நடத்துபவர் பதற்றத்தோடு ஓடிவந்து, "ஆல்ட்டைத் தொட்டாயா?" என்பார். யாரும் தொடவில்லை. எல்லாரும் முதலில் மறுத்தார்கள். சிலருக்கு மட்டும், எழுத்துகளை வாசித்த பெண், "தொட்டதை நான் பார்த்தேன்" என்று பொய் சொல்வார். அப்புறம் ஒரு தாளில் "நான்தான் ஆல்ட் விசையைத் தொட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். மொத்தத்தில் 69 சதவீதம் பேர் போட்டார்கள். வேகமாகத் தட்டச்சு செய்ய வைத்து, பொய்ச் சாட்சியும் சொன்ன குழுவில் ஒருவர் விடாமல் அத்தனை பேரும்.

கையெழுத்தோடு இது நிற்கவில்லை. அறைக்கு வெளியே காத்திருந்த, தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் சிலர், "நான் தப்பான பட்டனைத் தட்டிக் கெடுத்துட்டேன்" என்று தாங்களாகவே சொன்னார்கள். அதாவது, நம்பிவிட்டார்கள். மறுபடி உள்ளே கூப்பிட்டு, எப்படி நடந்தது என்று காட்டச் சொன்னபோது, நடக்காத ஒன்றுக்கு விவரம் சொன்னவர்களும் உண்டு. "ஏ" என்று வாசித்ததும் வலது கையின் ஓரம் பட்டுவிட்டது என்றார் ஒருவர். உண்மையான வழக்கும் விசை தட்டுவதும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல, நியாயமான கேள்விதான். ஆனால் நிஜ வழக்குகளில் இழப்பு பெரியது என்றால் நெருக்குதலும் அதே அளவுக்குப் பெரியது.

நிஜத்திலும் நடந்திருக்கிறது. 1973இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 18 வயதுப் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தபோது தாய் கொலையாகிக் கிடந்தார். பொய் கண்டறியும் சோதனையில் நீ தோற்றுவிட்டாய் என்று சொல்லிச் சொல்லியே, தான்தான் செய்திருக்க வேண்டும் என்று அவனை நினைக்க வைத்துவிட்டார்கள். தண்டனையும் வந்தது, சில ஆண்டுகளில் வழக்கு தள்ளுபடியானது. ஐஸ்லாந்தில் 1974இல் இரண்டு பேர் காணாமல் போன வழக்கில் ஆறு இளைஞர்கள் தண்டிக்கப்பட்டார்கள்; உடல்கள் கிடைக்கவே இல்லை. அவர்களில் ஒருவரை 600 நாட்களுக்கும் மேல் தனிமையில் அடைத்து வைத்திருந்தார்கள். தங்கள் நினைவையே அவர்கள் சந்தேகிக்கத் தொடங்கினார்கள். 2018இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐவரைக் கொலை வழக்கிலிருந்து விடுவித்தது. இந்த நிலைக்கு 'நினைவின் மீதான அவநம்பிக்கை' என்று பெயர் கொடுத்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் கிஸ்லி குட்ஜான்சன். அவரே இளம் வயதில் ஐஸ்லாந்தில் போலீஸ் வேலை பார்த்தவர். ஒரு பெண்ணின் பர்ஸைத் திருடியதாக, குடியால் நினைவு தப்பும் பழக்கமுள்ள ஒருவரை விசாரித்து ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார். பர்ஸ் திருடு போகவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நடக்காத திருட்டுக்கு ஒரு திருடன்!

இப்படிப்பட்ட குழப்பம் பெரும்பாலும், நெருக்குதல் நீங்கி, தூக்கமும் தெம்பும் திரும்பியதும் மெல்லக் கலையும். உங்கள் தம்பி தூங்கி எழுந்ததும் மறுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். "பயந்து மாற்றிப் பேசுகிறான்" என்று அப்பா நினைக்கலாம். சரியாக இந்த நேரத்தில்தான் மாறும் என்று எங்களுக்குத் தெரியும்.

இவ்வளவு சொன்னாலும், "அனுபவமுள்ள அதிகாரிக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியாதா?" என்று யாராவது கேட்பார்கள். தெரியாது. யார் பொய் சொல்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வதில் மனிதர்களின் சராசரித் துல்லியம் 54 சதவீதம் என்று 2006இல் வந்த பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. காசைச் சுண்டினாலே 50. சிறைக் கைதிகளின் உண்மையான, பொய்யான வாக்குமூலங்களைக் காட்டி எது எது என்று கேட்டபோது, கல்லூரி மாணவர்களை விடப் போலீஸ்காரர்கள் அதிகம் தவறினார்கள், ஆனால் அதிக நிச்சயத்தோடு இருந்தார்கள். போலீஸ் எல்லாம் மோசம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒப்புக்கொள்ள வைப்பதே நோக்கம் என்றால் யாரை உட்கார வைத்தாலும் இதுதான் நடக்கும். இங்கிலாந்தில் தவறான தண்டனைகள் அடுத்தடுத்து வெளிவந்த பிறகு, 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் முறையையே மாற்றினார்கள்: ஒப்புக்கொள்ள வைப்பதை விட்டுத் தகவல் சேகரிப்பது, முழுவதையும் பதிவு செய்வது. அதனால் அங்கே குற்றவாளிகள் தப்பித்து ஓடிவிடவில்லை.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இது முக்கியம், ஏனென்றால் அந்தத் தாளின் மதிப்பு நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைப் பொதுவாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான ஆதாரமாக வைக்க முடியாது. ஆனால் அதைக் கொண்டு ஒரு பொருளைக் கண்டெடுத்தால் அந்தப் பகுதி மட்டும் உள்ளே வரும். அமெரிக்காவில் தானாகக் கொடுத்தது என்று நீதிபதி கருதினால் முழுவதும் செல்லும். அங்கே ஆதாரம் இருப்பதாகப் போலீஸ் பொய் சொல்வதையும் பெரியவர்களின் விஷயத்தில் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. எனவே சட்டக் கேள்விகளை என்னிடம் கேட்காமல், குற்ற வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீலிடம் உடனே போங்கள். தம்பி தானாக ஸ்டேஷனுக்குப் போய் "மாற்றி எழுதித் தருகிறேன்" என்று சொல்ல நினைப்பார். நிரபராதிகளுக்குத் தோன்றும் அடுத்த யோசனை அதுதான். கூடவே கூடாது. வாக்குமூலத்தை மறுப்பது வக்கீல் மூலம், எழுத்தில், சீக்கிரமாக நடக்க வேண்டும்.

வக்கீலிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, அன்றைக்கு ஸ்டேஷனிலும் அலுவலகத்திலும் இருந்த சிசிடிவி பதிவைப் பாதுகாத்து வைக்கச் சொல்லி மனு கொடுப்பது. பல இடங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும், நாள் கடத்தினால் கிடைக்காது. இன்னொன்று, லேப்டாப் காணாமல் போன நேரத்தில் தம்பி எங்கே இருந்தார் என்பதற்கு அவர் வாய்வார்த்தை இல்லாத ஆதாரம்: போன் விவரம், அலுவலகக் கதவில் பதிவான நேரம், பணம் கட்டிய குறுஞ்செய்தி, எதுவானாலும்.

அவரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். "செய்யலைன்னா ஏன்டா கையெழுத்துப் போட்டே?" என்று கேட்காதீர்கள். உங்களுக்கு அது ஆதங்கம். அவர் காதில் அது அந்த அறையின் தொடர்ச்சி. ஒரு காகிதத்தைக் கொடுத்து, அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பியது வரை ஞாபகம் இருப்பதை அவரையே எழுதச் சொல்லுங்கள். யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், எப்போது சாப்பிட்டார், தண்ணீர் கேட்டாரா, போன் யாரிடம் இருந்தது, பையின் நிறத்தை முதலில் சொன்னது யார், எழுத வேண்டியதை யாராவது சொல்லச் சொல்ல எழுதினாரா. ஞாபகம் இல்லாத இடத்தில் "ஞாபகம் இல்லை" என்றே எழுதட்டும். ஊகித்து நிரப்பக் கூடாது. நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். எடுத்துக் கொடுத்ததால்தான் ஏற்கெனவே ஒரு தாள் அப்படி ஆகியிருக்கிறது. எழுதி முடித்ததும் தேதி போட்டு வக்கீலிடம் மட்டும் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

"நான்தானோ" என்று மறுபடி கேட்டால், "நீ எடுக்கலைடா, விடு" என்று அடித்துச் சொல்லவும் வேண்டாம். எடுத்த ஞாபகம் ஒன்று உண்மையாகவே இருக்கிறதா, அல்லது எடுத்திருக்க முடியும் என்று மட்டும் தோன்றுகிறதா என்று நிதானமாகக் கேளுங்கள். கையில் பையின் எடை, நடந்த வழி, வைத்த இடம் எல்லாம் ஞாபகமாக வருகிறதா? அல்லது அவர்கள் சொன்ன கதை படமாக ஓடுகிறதா? இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். அவமானத்தில் ஒடுங்கிப் போய் சாப்பாடு, தூக்கம் இல்லாமல் இருந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்கிற மாதிரி பேசினாலோ, வழக்கு முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், தனியாக விடாதீர்கள்.

அப்பாவிடம் நிரபராதி என்று வாதாட வேண்டாம், வீட்டில் இன்னொரு வழக்கு நடக்கும். தீர்ப்பை மட்டும் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். பேசாமல் இருப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். விசாரணை அறையில் மனிதரை உடைப்பவற்றில் தனிமையும் ஒன்று. அது வீட்டிலும் தொடரக் கூடாது.

ஸ்டேஷனிலிருந்து மறுபடி போன் வரலாம். "சும்மா ஒரு சின்ன விளக்கம், அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போங்க" என்பார்கள். மரியாதையாக, "வக்கீலோடு வருகிறேன் சார், எப்போது வர வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள்" என்று சொன்னால் போதும். எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்தான். விளக்கம், காரணம், கோபம் எதுவும் வேண்டாம். அழைத்தவர் யார், எந்த எண், எத்தனை மணி என்று உடனே குறித்து வைத்து, அதையும் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.